ஹார்ட்கி எல்.எச். 500 பேஸ் அம்ப்: லிமிற்றர் பொத்தானை அமுக்கி வைப்பதா, விடுவதா?

திருகோணமலையில் பேஸ் கிற்றார் வாசிப்பவர்களிடம் ஹார்ட்கி எல்.எச். 500 என்ற அம்ப் ஹெட்டை (ஸ்பீக்கர் இல்லாத தனி அம்ப்) பற்றிப் பேச்செடுத்தால், அந்தப் பேச்சு விரைவிலேயே அதன் முன்பக்கத்தில் உள்ள, சத்தம் அம்பின் வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் லிமிற்றர் பொத்தானில் வந்து நிற்கும். அதை அமுக்கினால் சத்தம் அடங்கிப்போகிறது என்று ஒரு சாரார் அதைத் தொடுவதேயில்லை. அமுக்காமல் வாசித்தால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும் என்று மறுசாரார் அதை விடுவிப்பதேயில்லை. உப்புவெளிக் கடற்கரை விருந்துகள், நகரத்துத் தேவாலய மண்டபங்கள், கோயில் திருவிழா மேடைகள் ஆகிய மூவகை இடங்களிலும் இந்த ஹெட்டைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொத்தான் எப்போதும் அமுங்கியே இருக்கட்டும். ஆனால் லிமிற்றர் வேலை செய்வது காதுக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்கு ஓர் இடம் பெரிதாக இருந்தால், அங்கே தேவைப்படுவது இன்னொரு பொக்ஸ் (ஸ்பீக்கர் பெட்டி) அல்லது மேடை ஒலியமைப்பின் துணையே தவிர, இன்னும் கொஞ்சம் வொலியூம் அன்று.

ஹார்ட்கி என்ற பெயர் 1980களில் அலுமினியக் கூம்பு பொருத்திய பேஸ் ஸ்பீக்கர்களால் உலகத்துக்கு அறிமுகமானது. எல்.எச். 500 அந்தப் புதுமை எதுவும் இல்லாத, பழைய பாணியில் அமைந்த எளிய ஹெட். கிற்றாரிலிருந்து வரும் மெல்லிய ஒலியை முதலில் பெருக்கும் முன்னிலைப் பகுதியில் ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு இருக்கிறது. பவர் பகுதி ட்ரான்சிஸ்டரில் இயங்குகிறது. 4 ஓம் சுமையில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடுப்பு அளவு) 500 வோட் தரும் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். பேசிவ் (பற்றரி இல்லாதவை), அக்ரிவ் (பற்றரியில் இயங்கும் சுற்று உள்ளவை) என இருவகைக் கிற்றார்களுக்கும் தனித்தனி நுழைவாய்கள் உண்டு. பேஸ், மிட், ட்ரெபிள், வொலியூம் ஆகிய குமிழ்கள், பிரைட் பொத்தான், லிமிற்றர் பொத்தான், மிக்சருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் வெளிவாய் ஆகியவற்றோடு ஏறத்தாழ எல்லாம் முடிந்துவிடுகிறது. உள்ளே வரும் ஒலியை ஏற்றும் கெய்ன் தனியாகவும் மொத்தச் சத்தத்துக்கான மாஸ்ரர் தனியாகவும் இல்லாததை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது வசதியாகவே படுகிறது. மேடையில் இருட்டுக்குள் குனிந்து தேடவேண்டிய குமிழ் ஒன்று குறைகிறது. இப்போது வருகின்ற, கிளாஸ் டி எனப்படும் இலகுவான ஹெட்களோடு ஒப்பிட்டால் இது பருமனும் பாரமும் மிக்கது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தோளில் பையைக் கொழுவிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகக்கூடிய அம்ப் இதுவன்று.

லிமிற்றர் செய்வது என்ன என்பதை விளங்கிக்கொள்ள, அது இல்லாதபோது நடப்பதைப் பார்க்க வேண்டும். எந்தப் பவர் அம்பும் தன் மின்வழங்கி தரும் வோல்ற் அளவுக்கு மேல் ஸ்பீக்கருக்கு எதையும் கொடுக்க முடியாது. வாசிப்பு அந்த உச்சவரம்பைத் தொட்டதும் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். தலை தட்டையான அலையில், மூல ஒலியில் இல்லாத மேல் அதிர்வெண்கள் புதிதாகச் சேர்கின்றன. அவை பொக்ஸில் மேல் ஒலிக்கென்று இருக்கும் சிறிய ஸ்பீக்கரான ட்வீற்றருக்குப் போகின்றன. சிறிதளவு சக்தியைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட மெல்லிய கம்பிச்சுருள் அங்கே சூடேறுகிறது. அதோடு, முற்றிலும் சதுரமாக வெட்டுப்பட்ட அலை, அதே உயரமுள்ள சைன் அலையைவிட இருமடங்கு சக்தியைச் சுமக்கிறது. ஆகவே 500 வோட் என்று எழுதப்பட்ட அம்ப், மோசமாக கிளிப் ஆகும்போது, அந்த எண்ணைத் தாண்டிய வெப்பத்தை ஸ்பீக்கருக்குள் இறக்கிவிட முடியும்.

லிமிற்றர் இந்த வரம்பை அலை நெருங்குவதைக் கண்டு, வெட்டுப்படுவதற்கு முன் ஒலிமட்டத்தைத் தானாகவே இறக்குகிறது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கொம்பிரசரும் இதே குடும்பம்தான் என்றாலும் இரண்டின் கடுமையும் வேறு. 4:1 என்று வைத்த கொம்பிரசரில், குறித்த எல்லைக்கு மேல் உள்ளீடு 4 டெசிபல் ஏறினால் வெளியீடு 1 டெசிபல் ஏறும். லிமிற்றர் என்று அழைக்கப்படுவதற்கு அந்த விகிதம் பொதுவாக 10:1 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இரண்டாவது வேறுபாடு, எல்லை வைக்கப்பட்டிருக்கும் இடம். கொம்பிரசர் பெடலில் எல்லையை நம் வாசிப்புக்கேற்ப நாமே கீழே இறக்கி, சாதாரண ஸ்வரங்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரலாம். இந்த ஹெட்டில் எல்லைக்கான குமிழே இல்லை. அமுக்கு அல்லது விடு, அவ்வளவுதான். பவர் அம்பின் எல்லையைக் காப்பதற்காக வைக்கப்பட்ட ஒரு பொத்தானிடம் ஒலிநயத்தை எதிர்பார்ப்பவர்களே அதில் ஏமாற்றமடைகிறார்கள். குறைந்த வொலியூமில் அதை அமுக்கியும் விட்டும் பார்த்து ‘ஒரு வித்தியாசமும் இல்லையே’ என்று சொல்பவர்கள் சொல்வது முழு உண்மை. அந்த மட்டத்தில் வித்தியாசம் இருக்கவே கூடாது.

பேஸ் கிற்றாருக்கு லிமிற்றர் அமைப்பது மற்ற வாத்தியங்களுக்கு அமைப்பதைவிடச் சிக்கலானது. நாலு தந்திக் கிற்றாரின் தடித்த ஈ தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில் அதிர்கிறது. அதாவது ஓர் அலை முழுமையடையவே 24 மில்லிசெக்கன் பிடிக்கிறது. லிமிற்றர் இதைவிட மிக வேகமாகப் பிடித்து மிக வேகமாக விட்டால், ஒரே அலையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனிச் சத்தங்களாகக் கருதித் தொடர்ந்து கூட்டிக் குறைத்து, தான் தடுக்க வந்த கரகரப்பைத் தானே உண்டாக்கிவிடும். மிக மெதுவாக விட்டாலோ, ஓங்கி அடித்த ஒரு ஸ்வரத்துக்குப் பின்னால் வரும் இரண்டு மூன்று ஸ்வரங்கள் அமுங்கிப்போகும். எல்.எச். 500இல் இந்த வேகங்கள் நன்றாகத் தெரிவு செய்யப்பட்டிருக்கின்றன என்பது என் மதிப்பீடு. விரலால் வாசிக்கும்போது அது குறுக்கிடுவதை உணர முடியாது; கட்டைவிரலால் அறைந்து வாசிக்கும்போது மட்டும் அடியின் முனை சற்று மழுங்குகிறது. அந்த மழுங்கல் சில பாட்டுகளுக்கு அழகாகக்கூட இருக்கிறது. 1980களின் தமிழ்த் திரைப்பாடல்களில் பேஸ் தனக்கென்று ஒரு மெட்டோடு மேலும் கீழும் ஓடுமல்லவா, அவற்றை மேடையில் வாசிக்கும்போது தந்திக்குத் தந்தி சத்தம் எகிறாமல் வருவது பாடகருக்கும் நிம்மதி.

லிமிற்றர் சத்தத்தை விழுங்குகிறது என்ற புகாருக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் பேஸ், மிட், ட்ரெபிள் என்ற மூன்று ரோன் குமிழ்களில்தான் இருக்கிறது. பல பேஸ் அம்ப்களில் குமிழ்களை நடுவில் நிறுத்தினால் கிற்றாரின் ஒலி கூட்டல் குறைத்தலின்றி வரும். இதில் அப்படியில்லை. பழைய ஃபெண்டர் அம்ப்களின் வழியில் அமைந்த ரோன் பகுதி இது. மூன்றையும் நடுவில் நிறுத்தினால் மிட் குழிந்து, அடி அதிர்வெண்களும் மேல் அதிர்வெண்களும் மேடாகிவிடும். கடையில் தனியாக வாசித்துப் பார்க்கும்போது அந்த ஒலி உருண்டு திரண்டு மிக இனிமையாகத்தான் கேட்கும். ட்ரம்ஸ், கீபோர்ட், இரண்டு கிற்றார் ஆகியவற்றோடு சேர்ந்ததும் பேஸ் காணாமல் போய்விடும். ஏனெனில் கூட்டத்துக்குள் பேஸை அடையாளம் காட்டுவது அந்த நடு அதிர்வெண்களே. கேட்கவில்லை என்று வாசிப்பவர் வொலியூமைத் திருகுகிறார், போதாதற்கு பேஸ் குமிழையும் ஏற்றுகிறார். அடி அதிர்வெண்ணில் 6 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் அம்ப் நான்கு மடங்கு சக்தி கொடுக்க வேண்டியிருக்கும். லிமிற்றர் உடனே பாய்ந்து பிடிக்கும். குற்றம் அதன் தலையில் விழும்.

மிட்டை முழுவதும் திறந்துவிட்டு, பேஸையும் ட்ரெபிளையும் கால்பங்குக்கும் கீழே கொண்டுவந்தால் இந்த ஹெட் சமநிலைக்கு அருகே வரும். பார்வைக்கு அது விசித்திரமான அமைப்புத்தான். நான் அப்படி வைத்திருப்பதைக் கண்டு யாரோ குமிழ்களைக் கைதவறித் திருப்பிவிட்டார்கள் என்று நினைத்துச் சரிசெய்ய வந்த ஒலியமைப்பாளர்களும் உண்டு. அந்த அமைப்பிலிருந்து தொடங்கி, தேவையான அளவுக்கு மட்டும் பேஸைக் கூட்டிச் சென்றால், அதே மண்டபத்தில் அதே வாசிப்புக்கு லிமிற்றர் குறுக்கிடும் தருணங்கள் வெகுவாகக் குறைகின்றன. சத்தமும் கூடுதலாகக் கேட்கிறது. இந்த ஹெட்டை வாங்குபவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்.

இடத்துக்கு இடம் இதன் நடத்தை மாறுவதையும் சொல்ல வேண்டும். நகரத்தின் பழைய மண்டபங்களில் சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவர்களும் அடி ஒலியைத் திருப்பி எறிவதால் பேஸ் தானாகவே பெருகும். நான்கு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள ஒரு பொக்ஸோடு வொலியூமை மூன்றிலொரு பங்குக்கு மேல் ஏற்ற நேர்வதில்லை; லிமிற்றர் பொத்தான் அங்கே அலங்காரத்துக்கு இருக்கிறது என்றே சொல்லலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரை வறண்டு, மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை உப்புவெளியும் நிலாவெளியும் சுற்றுலாப் பயணிகளால் நிறையும்போது, மணலில் போட்ட மேடைகளில் நிலைமை தலைகீழ். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. திறந்த வெளியில் தூரம் இருமடங்காகும்போதெல்லாம் ஒலிமட்டம் ஏறத்தாழ 6 டெசிபல் விழுகிறது. மேடையில் காலடியை அதிரவைக்கும் பேஸ், கடைசி மேசைக்குப் போவதற்குள் காற்றில் கரைந்துவிடும்.

பைலா தொடங்கும் நேரத்தில்தான் இது நன்றாகத் தெரியவரும். ஆறெட்டுத் தாளத்தில் கிக் ட்ரம்மும் பேஸும் ஒரே அடியில் விழுந்தால்தான் ஆடுபவர்களின் கால் எழும்பும். அப்படியொரு நிகழ்ச்சியில் ட்ரம்ஸ் வாசிக்கும் தம்பி பாட்டின் நடுவிலேயே என் பக்கம் சாய்ந்து, “அண்ணை, கிக்கும் பேஸும் ஒண்டா வருகுதில்லை” என்றார். நான் ஓங்கி அடிக்க அடிக்க, லிமிற்றர் ஒவ்வோர் அடியின் தலையையும் தட்டிக்கொண்டிருந்தது. ஸ்வரத்தின் வால் மட்டும் நீளமாகக் கேட்டது, தொடக்கம் பின்னால் போனது. பொத்தானை விடுவித்தால் அடி திரும்ப வந்தது. கூடவே பொக்ஸின் மேல் மூலையிலிருந்து காகிதம் கிழிவதைப் போன்ற ஒலியும் வந்தது. மீண்டும் அமுக்கிவிட்டு, வொலியூமைச் சற்று இறக்கி, எக்ஸ்எல்ஆர் வெளிவாயிலிருந்து மிக்சருக்கு ஒரு கேபிள் இழுத்து, மேடைக்கு இரு பக்கமும் நின்ற பெரிய ஸ்பீக்கர்களிடம் கூட்டத்துக்கான பேஸை ஒப்படைத்தோம். அதன்பின் என் பொக்ஸ் எனக்கும் ட்ரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும் என்றாகிவிட்டது. அடி திரும்பவும் அதன் இடத்துக்கு வந்தது.

அந்தப் பரீட்சையை நான் இப்போது ஒவ்வோர் இடத்திலும் சவுண்ட் செக் நேரத்தில் செய்கிறேன். அன்றைய நிகழ்ச்சியில் மிகக் கடுமையாக வாசிக்கப்போகும் பகுதியை, வாசிக்கப்போகும் அதே வொலியூமில், பொத்தானை அமுக்கி ஒருமுறையும் விட்டு ஒருமுறையும் சுருக்கமாக வாசிக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் கேட்டால் அம்பிடம் கைவசம் சக்தி மிச்சமிருக்கிறது. ஓங்கிய அடிகளில் மட்டும் மயிரிழை வித்தியாசம் தெரிந்தால் சரியான இடத்தில் நிற்கிறோம். சாதாரண ஸ்வரங்களிலேயே வித்தியாசம் கேட்டால் அந்த இடத்துக்கு இந்த அமைப்புப் போதாது. இங்கே எண்களையும் நினைவில் வைத்திருப்பது நல்லது: சக்தியை இருமடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே, காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்றுவதற்கோ ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். 500 வோட் ஹெட்டை விற்று 800 வோட் ஹெட் வாங்குவதால் கிடைப்பது 2 டெசிபல்தான். இதைவிட, 8 ஓம் பொக்ஸ் ஒன்றோடு வாசிப்பவர் அதே போன்ற இன்னொரு 8 ஓம் பொக்ஸைச் சேர்த்தால், சுமை 4 ஓமாகி அம்பின் முழுச் சக்தியும் வெளியே வருவதோடு, காற்றைத் தள்ளும் கூம்புகளின் பரப்பும் இரட்டிக்கிறது. நாலு ஓம் பொக்ஸ் இரண்டைக் கொழுவிவிடக் கூடாது. அது 2 ஓமாகிவிடும், அதற்கு இந்த ஹெட் செய்யப்படவில்லை.

லிமிற்றர் இருக்கிறது என்ற தைரியத்தில் ஸ்பீக்கரைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கவும் முடியாது. அது அம்பின் எல்லையைத்தான் அறியும், உங்கள் பொக்ஸின் எல்லையை அறியாது. 200 வோட் தாங்கும் பழைய பொக்ஸை 500 வோட் ஹெட்டோடு இணைத்தால், லிமிற்றர் ஒருமுறைகூட விழித்துக்கொள்ளாமலே அந்த ஸ்பீக்கரைச் சுட்டுவிடலாம். ஐந்து தந்திக் கிற்றாரின் பீ தந்தி 31 ஹேர்ட்ஸுக்கு இறங்குகிறது. பொக்ஸின் துவாரம் எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டிருக்கிறதோ அதற்குக் கீழே கூம்பைக் கட்டுப்படுத்தும் காற்றழுத்தம் இல்லாமற் போவதால், அது தன் எல்லைக்கு வெளியே பாயத் தொடங்கும். அந்தப் பாய்ச்சலை வோல்ற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் சுற்று அறியாது. பொக்ஸுக்குள்ளிருந்து வரும் ‘டக் டக்’ என்ற ஓசையை அறிய வேண்டியது வாசிப்பவரின் காதுதான்.

மற்றத் தயாரிப்பாளர்களும் இதே வேலைக்கு வெவ்வேறு வழிகளை வைத்திருக்கிறார்கள். பீவி நிறுவனம் டிடிடி என்ற பெயரில் நெடுங்காலமாகத் தரும் காப்பு, பவர் அம்ப் கிளிப் ஆகத் தொடங்குவதைக் கண்டறிந்து ஒலிமட்டத்தைக் குறைக்கிறது. சில அம்ப்களில் லிமிற்றரை அணைக்கும் வசதியே இருப்பதில்லை, உள்ளே எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும். எல்லை எட்டப்படும்போது மின்னும் லைற் உள்ளவை மேடையில் பேருதவி. வாடகைக்கு எடுத்த அப்படியோர் அம்போடு ஒரு கலியாண வீட்டில் வாசித்தபோது, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மேடையருகே வந்து, “தம்பி, அந்த லைற் விட்டு விட்டு எரியுது, பெட்டி புகைஞ்சிடாதே?” என்று கேட்டார். விட்டு விட்டு எரிவது நல்லதுதான், அணையாமல் எரிந்தால்தான் பிரச்சினை என்று விளக்கினேன். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. விருந்து முடியும்வரை அந்தப் பக்கத்துக் கதிரையிலேயே இருந்தார்.

ஜெனரேற்றரில் வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற். விளக்குகளும் ஒலியமைப்பும் ஒரே ஜெனரேற்றரில் ஓடும் திருவிழா மேடைகளில் அது இறங்கி ஏறும். வழக்கமான மின்மாற்றி கொண்ட அம்ப்களில் உள்ளே வரும் வோல்ற் குறைந்தால் கிளிப் ஆகும் எல்லையும் சேர்ந்து இறங்கும். நேற்று மண்டபத்தில் சுத்தமாக ஒலித்த அதே வொலியூம் இன்று மேடையில் கரகரப்பதற்கு அதுவும் காரணமாகலாம். அப்படிப்பட்ட இரவுகளில் குமிழை முன்கூட்டியே சற்று இறக்கி வைப்பேன். கடற்கரையில் மணல் காற்றாடி வழியே உள்ளே போகாதபடி ஹெட்டைத் தரையில் வைக்காமல் பொக்ஸின் மேல் வைப்பதும், உப்புக் காற்றில் பச்சை பிடிக்கும் ஜக் முனைகளை நிகழ்ச்சி முடிந்த கையோடு துடைத்து வைப்பதும் நம் ஊரில் எந்த அம்ப் வாங்கினாலும் தவிர்க்க முடியாத வேலைகள்.

தேவாலயக் குழுவுக்கோ, மண்டபங்களில் வாசிக்கும் இன்னிசைக் குழுவுக்கோ, வாகனத்தில் ஏற்றி இறக்க ஆள் இருக்கும் எவருக்குமோ இந்த ஹெட்டைத் தயக்கமின்றிச் சொல்வேன். கடற்கரையில் மட்டும், அதுவும் மேடை ஒலியமைப்பின் துணையில்லாமல் வாசிப்பவர் முதலில் பொக்ஸுக்குக் காசு ஒதுக்கட்டும். பாவித்ததை வாங்குவதானால் விற்பவரின் வீட்டு விறாந்தையில் மெல்ல வாசித்துப் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. 8 ஓம் பொக்ஸ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், பொத்தானை அமுக்கிய நிலையில் ஓங்கி வாசித்தால் ஒலி அமுங்குகிறதா, விட்ட நிலையில் முரடாகிறதா என்று பார்க்க வேண்டும். இரு நிலைகளிலும் ஒரே மாதிரிக் கரகரத்தால் லிமிற்றர் சுற்றிலோ பொத்தானின் தொடுமுனையிலோ பழுது இருக்கலாம். பொத்தானைப் பல தரம் அமுக்கி விட்டபின் சரியாக வந்தால் அது தொடுமுனையில் படிந்த அழுக்கு. கொன்ராக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும், அதற்காக விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம்.